தெற்கே போகும் வேன்

விடியக்காலை ஐந்தே முக்காலுக்கு
ஆம்பூர் ஷூ கம்பெனி வேன் வரும்.
ஏரிக்கொல்லைக்குள் வந்துபோன வண்டி
ரொம்ப வருஷம் அது ஒன்றுதான்.
பத்தாவது முடித்த பெண்ணை
கம்பெனிக்குப் போ என்று யாரும் அடித்து விரட்டவில்லை.
எந்த வண்டி வந்து நின்றதோ
அதில் ஏறினார்கள், அவ்வளவுதான்.
நானும் ஏறினேன்.
பதினாலு வருஷம் மேல்தோல் தைத்தேன்.
நான் தைத்த ஷூ எந்தெந்த நாட்டிலோ நடக்கிறது.
எனக்கு, ஒடுகத்தூர் மேல்நிலைப் பள்ளிக்கு
கேட் எந்தப் பக்கம் என்று தெரியாது.
ஒன்பது கிலோமீட்டர்.

சென்னையிலிருந்து அறக்கட்டளைக்காரர்கள் வந்தார்கள்.
நல்லவர்கள். கொடுத்த மோரைக் குடித்தார்கள்.
வெயிலில் நின்றபடியே வரைபடம் விரித்தார்கள்:
கம்ப்யூட்டர் அறை, பன்னிரண்டு நாற்காலி,
நீல பெயிண்ட், வாசலுக்கு மேல் ஒரு பெயர்.
எங்களைக் கேட்கவில்லை என்று சொன்னால் பொய்.
கேட்டார்கள்,
கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே.

அம்சா சொன்னாள்:
"வேன் வேணுங்க.
தெக்கால போற வேன்."

விண்ணப்பத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கட்டடம், கருவி, பயிற்சி, இதர.
'இதர'வில் எழுதினேன்;
கட்டைவிரல் அகலக் கட்டம்,
எழுத்தை நெருக்கி, கடைசி வரி வெளியே வழிந்தது.
பயனாளிகள் எண்ணிக்கை: பதினொன்று.
போனில் ஒரு பெண் தயங்கிக் கேட்டார்,
"ஒரு சைபர் விட்டுப்போச்சா மேடம்?"
இல்லீங்க, பேரே சொல்றேன் என்று
ஹேமாவதியில் தொடங்கி
பதினொரு பேரையும் சொன்னேன்.
அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தம்.
அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

பாதிப் பணம் வந்தது.
மீதிக்குக் குழுச் சேமிப்பு, பவுனம்மாவின் இரண்டு ஆடு,
ஏரி மீன் ஏலத்தில் ஊர்ப் பங்கு.
அந்த ஊர்ப் பங்குக்கு மட்டும்
நாலு கூட்டம், ஒரு கைகலப்பு.
கும்பாபிஷேகத்துக்கு வைத்த காசு அது என்று
துண்டை உதறி எழுந்துபோன குபேந்திரன்
இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை.
அவர் மகள் முன் சீட்டில் போகிறாள்.

வாங்கியது பழைய வண்டி.
ஓட்ட வந்தான் டில்லிபாபு,
கம்பெனி வேன் ஓட்டினவன்,
ஆயிரம் ரூபாய் குறைச்சலுக்கு.
ஏன்டா என்றதற்கு
"காலைல தூங்கலாம் இல்ல" என்றான்.

பெயரை எத்தனை அங்குலத்தில் எழுதுவீர்கள் என்று கடிதம்.
பின் கண்ணாடிக்குக் கீழே எழுதினோம்.
மழை நாளில் சேறடித்து மறைந்துவிடும்.
மாசம் ஒரு ஞாயிறு
பிள்ளைகள் அதைத் தேய்த்துக் கழுவுகிறார்கள்,
யாரும் சொல்லாமல்.

இது மூன்றாம் வருஷ அறிக்கை.
வெற்றிக் கதை ஒன்று கேட்கிறார்கள்,
இருநூறு சொல், ஒரு போட்டோ.
ஹேமாவதி வேலூரில் நர்சிங் படிக்கிறாள், எழுதலாம்.
ஆனால் போன ஆடியில் யுவராணி இறங்கிக்கொண்டாள்.
சாரம் சரிந்து அவள் அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது.
இப்போது ஐந்தே முக்கால் வேனில் போகிறாள்.
சாயங்காலம் கூட்டுரோட்டில்
இரண்டு வண்டியும் எதிரெதிரே வரும்.
டில்லிபாபு ஹாரன் அடிப்பான்.
இந்த ஜன்னலிலிருந்து கைகள்,
அந்த ஜன்னலிலிருந்து ஒரு கை.
அவள் உட்கார்ந்த இடத்தில்
பையைக்கூட வைக்க விடுவதில்லை மற்றதுகள்.

பயனாளிகள் எண்ணிக்கை: பதினாலு.
இதர: காலி சீட் ஒன்று, யுவராணிக்கு.

இந்த முறை அந்தக் கட்டத்தை
அரைப் பக்கத்துக்கு அச்சடித்திருந்தார்கள்.
இடம் மிச்சமிருந்தது.
டீசல் விலை ஏறியதையும் எழுதினேன்.