நானூற்றுப் பன்னிரண்டு

காலை ஆறு மணிக்கு ஆற்றைப் படிப்பது என் வேலை.
பாலத்தின் மூன்றாம் தூணில் அளவுகோல் அடித்திருக்கிறது.
இன்று எத்தனை சென்டிமீட்டர் என்று
ரோவனியெமி அலுவலகத்துக்கு ஒருமுறை சொல்வேன்,
ஹெல்வி நிவாவுக்கு ஒருமுறை.
முதலாவதற்குத்தான் சம்பளம்.

அவள் வணக்கம் சொல்வதில்லை.
"சொல்" என்பாள்.
"முந்நூற்று நாற்பது."
"ம்."
அவ்வளவுதான், பதினோரு வருடம்.

ஓவியக்காரி என்று தெரியும்.
எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்று தெரியாது.
ஒரு மீன் மிச்சமிருந்த நாளில்
கொடுத்துவிட்டு வரலாமென்று போனேன்.
கதவு திறந்து கிடந்தது.

தரை முழுக்க ஒரே துணி.
மீன் இல்லை, படகு இல்லை, கரைகூட இல்லை.
குறுக்கே பட்டை பட்டையாக
கொத்தனார் கரண்டியால் இழுத்த வண்ணங்கள்.
சவுனாப் புகைபோக்கியில் சுரண்டிய கரி ஒன்று,
பிர்ச் சாம்பல் ஒன்று,
பால் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்த
தம்ளரின் உட்புறம் மாதிரி ஒரு வெளுப்பு.
"இது ஏப்ரல்" என்றாள். "நீ சொன்னதுதான்."
மீட்டருக்கு ஒரு விரல் தடிமன்.
நாளுக்கு ஒரு பட்டை.

மீனை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு தூணருகே குனிந்து
இரண்டு தடவை படிக்கலானேன்.
எதிர்க்கரை ஸ்வீடன், ஒரு மணி நேரம் பின்தங்கிய ஊர்.
இங்கே மணி ஆறு, அங்கே ஐந்து.
நடுவில் போவதற்கு மணி கிடையாது.
அது என் எண்ணுக்கும் காத்திருப்பதில்லை.

மே பதினேழு.
இரவு என்பது பேருக்குத்தான் அந்த மாதத்தில்.
யாரோ வீட்டுக் கூரையைத் தரதரவென்று
இழுத்துப் போவது போல் பனி உடைந்தது.
எந்த மணிக்கு உடையும் என்று ஊரே பந்தயம் கட்டியிருந்தது.
ஜெயித்தது நான்.
ஜெயித்த பணத்தை அங்கேயே குடித்தேன்.

ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது.
"சொல்."
படுக்கையில் இருந்தபடியே சொன்னேன்:
"நானூற்றுப் பன்னிரண்டு."
"ம்."
அலுவலகத்துக்கும் அதையே சொன்னேன்.
ஒரு பொய்யை இரண்டாக்குவானேன்.

மதியம் பாலத்துக்குப் போய்ப் பார்த்தால்
தூணில் அளவுகோலே இல்லை.
நாலு ஆணித் துளைகள்.
பனி பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது.
எப்போது என்று யாருக்குத் தெரியும்?
ஆறு மணிக்கு நான் வந்திருந்தாலும்
அந்த நாளுக்கு எண் இருந்திருக்குமா?

மே மாதம் இப்போது சுகாதார நிலையத்தின் நடைவழியில்
நிமிர்ந்து நிற்கிறது, ஆளைவிட உயரம்.
ரத்த அழுத்தம் பார்க்க மாதம் ஒருமுறை
அதற்கு எதிரே உட்காரவேண்டியிருக்கிறது.
கீழிருந்து எண்ணிவந்தால் பதினேழாவது:
கரண்டி வழுக்கி, கரி கிழிந்து,
துணியின் பச்சை நூல் தெரிகிற இடம்.
தன் ஆயுளில் படமே பார்த்திராத தாவெத்தி,
இருபது கோடை ஆற்றில் மரக்கட்டை ஓட்டியவன்,
ஊன்றுகோலால் அந்த இடத்தைக் காட்டினான்.
"இதில்தான் என் தம்பி போனான்" என்றான்.
வேறு எதையும் பார்க்கவில்லை.
எனக்கு அன்று அழுத்தம் நூற்று எழுபது.

போன வாரம் சுவருக்கு வெள்ளையடிக்க
படத்தை இறக்கித் திருப்பி வைத்திருந்தார்கள்.
முதுகில் பென்சிலால் தேதிகள், எதிரே எண்கள்.
முந்நூற்று அறுபத்தெட்டு, முந்நூற்று எழுபத்தொன்று,
எல்லாம் என் வாயிலிருந்து போனவை.
பதினேழுக்கு எதிரே எண் இல்லை.
"ஒய்வா தூங்குகிறான்" என்றிருந்தது.

அப்படியென்றால் அந்தத் தடிமனை
யாரிடம் கேட்டு இழுத்தாள்?
அவள் ஜன்னலிலிருந்து கரைக்கு நாற்பது அடி.
கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் புதுக் கோலைப் படித்தேன், இரண்டு தடவை.
கை விறைத்திருந்தது.
"சொல்" என்றாள்.

சொன்னேன், எண்ணை மட்டும்.