இல்ல ஆணோ, அல்ல ஆணோ

புனலூர் தாலுக்கா ஆஸ்பத்திரியில்
ஓ.பி. சீட்டு எழுதுவது என் வேலை.
அப்பன் ஊர் பகவதிபுரம், அம்மை தென்மலை என்பதால்
மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வந்தால்
வாய் மாற்றிக் கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள்.
அதற்குச் சம்பளம் கிடையாது.

அன்று ஆரியங்காவு வளைவில்
வைக்கோல் லாரி கவிழ்ந்திருந்தது.
போனவர்கள் இரண்டு பேர். கிடைத்தது ஒருவர்.
முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

பேச்சியம்மாள் புளியரையிலிருந்து வந்தாள்.
கையில் ஜவுளிக்கடைப் பை, பைக்குள் ரேஷன் கார்டு,
கார்டில் கோமதிநாயகம், வயது நாற்பத்தொன்று.
துணியை நெஞ்சு வரை விலக்கினார்கள்.
பார்த்தாள்.
"இல்லை" என்றாள்.

ஹெட் கான்ஸ்டபிள் சசீந்திரன்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைக் கேட்டார்:
"இல்ல ஆணோ, அல்ல ஆணோ?"

நியாயமான கேள்வி.
அவர் மொழியில் அதற்கு இரண்டு கதவு.
ஆளைக் காணோம் என்றால் இல்ல.
இந்த ஆள் அந்த ஆளன்று என்றால் அல்ல.
நம்மிடமும் இருந்தது.
அல்ல இப்போது மேடையிலும் பாடப்புத்தகத்திலும் குடியிருக்கிறது,
அடுக்களைக்கு வருவதில்லை.
நாம் ஒரே இல்லையை வைத்து எல்லாவற்றையும் ஓட்டுகிறோம்:
சில்லறை இல்லை, நான் இல்லை, அப்படி இல்லை,
அவர் இல்லை.
அவர் இல்லை என்றால்
டீக்கடைக்குப் போயிருக்கலாம்,
செத்தும் போயிருக்கலாம்.

இவள் சொன்னது எது?
இவர் அவர் இல்லையா,
அவர் இனி இல்லையா,
இப்படி நடக்கவே இல்லை என்று
கையால் தள்ள முடியாததை வாயால் தள்ளும் இல்லையா?

திருப்பிக் கேட்டேன். அவசரத்தில் தப்பாகக் கேட்டேன்.
"இது உங்க வீட்டுக்காரர் இல்லையா?"
"ஆமா" என்றாள்.
சசீந்திரன் எழுதத் தொடங்கினார்.
"நிக்கு சாரே."
ஆமா, அவர்தான். ஆமா, அவரில்லை.
ஒரு ஆமாவுக்குள் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

அரிசி தீர்ந்தால் நிறைஞ்சிருக்கு என்பாள் இவள்,
விளக்கை அணைக்கச் சொல்லமாட்டாள், குளிர வை என்பாள்,
கடிக்கிற பாம்பை நல்லது என்பாள்.
நானும் அந்த வீட்டுப் பேச்சில் வளர்ந்த ஆள்தான்.
படிவத்தில் அதற்கெல்லாம் கட்டம் இல்லை.

பிறகு அவளே சொன்னாள், யாரும் கேட்காமல்:
"அவுகளுக்கு இடது கால் பெருவிரல்ல நகம் கிடையாது.
சின்னதுல கதவு நசுக்கினது."

அட்டெண்டர் மறுமுனைத் துணியைத் தூக்கினார்.
அவ்வளவு பெரிய நகத்தை நான் பார்த்ததில்லை,
மஞ்சள் பூத்து, ஓரத்தில் கிரீஸ் கறுத்து
இருந்தது.
இருந்ததால் அவர் இல்லை.
"அல்ல" என்றேன். எழுதிக்கொண்டார்.

"அப்ப அவுக எங்க?"
கேட்டது என்னையா, நகத்தையா, தெரியாது.
தெரியாது என்பதில் காலமே கிடையாது பாருங்கள்,
நேற்றுக்கும் நாளைக்கும் அதே சொல்தான்.
இன்னொரு தடவை போன் போட்டாள்.
பெண்குரல் ஒன்று முதலில் மலையாளத்தில் சொல்லிற்று,
என்னைப் பார்த்தாள்.
"தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றேன்.
"எந்த எல்லை?" என்றாள்.
பள்ளத்தில் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்கள்.

புறப்படும்போது வாசலில் தடுமாறினாள்.
பிணம் கிடக்கும் இடத்தில் வாரேன் என்று சொல்லக் கூடாது.
உயிரோடு நிற்கிற எங்களிடம் போறேன் என்றும் சொல்லக் கூடாது.
ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து
அந்த நகத்தின்மேல் துணியை இழுத்து மூடினாள்.

அவனுக்கு ஆமா சொல்ல வேண்டியவள்
இன்னும் பஸ் ஏறியிருக்கவில்லை.