கணவாய் அடைத்த இரவு

கணவாய் அடைத்தாயிற்று.
ரேடியோவில் குரல் வந்ததும்
காப்பியைப் பாதியில் வைத்து எழுந்தேன்.
வடக்கு நார்வேயின் இந்த முனையில்
நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரியில்தான் எட்டிப்பார்க்கும்.
பகல் என்று நாங்கள் சொல்வது
நீலம் கொஞ்சம் வெளுக்கும் இரண்டு மணி நேரம்.

பதினேழு குளிர்காலமாக இந்த வண்டி.
முன்னால் பனிக்கலப்பை, பின்னால் மணல்,
தலைக்கு மேல் சுழலும் ஆரஞ்சு விளக்கு.

ஞாயிறன்று ஜெபவீட்டில் போதகர் சொன்னார்:
திருடன் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை,
விழித்திருங்கள்.
நான் இரவுப்பணி முடித்த கண்ணோடு
மூன்றாம் பெஞ்சில் தூங்கி வழிந்தேன்.

ஓத்மார் தூங்கவில்லை.
ஆறு வருடம் முன்பே படகை விற்றுவிட்டான்.
பணத்தை ஊருக்குள் கொடுத்துத் தீர்த்தான்,
என் கடைவாய்ப்பல்லுக்கும் அதில் ஒரு பங்கு.
கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறான்.
"எத்தனை நாளைக்கு, மார்கித், இந்தக் கூரையெல்லாம்?"
அவனைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு.
எனக்குச் சிரிப்பு வருவதில்லை.
மலையுச்சியில் வைப்பர் உறைந்து நிற்கும்போது
எனக்கும் தோன்றும்:
இத்தனை பேருக்கு வழி திறந்தவள்
ஒரு கதவைத் தட்டாமலே விட்டுவிட்டேனோ.

இன்றிரவு தடுப்புக்கம்பத்தில் பதினோரு வண்டி.
விதிப்படி ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டினேன்.
கம்பளி இருக்கிறதா? டார்ச்? எரிபொருள் எவ்வளவு?
மீன் லாரிக்காரனிடம் எல்லாம் இருந்தது,
வானிலையைத் திட்ட வார்த்தையும் நிறைய.
ஹேண்ட்பால் ஆடிவிட்டுத் திரும்பும் பிள்ளைகளின் வேனில்
ஒருத்திக்கு வாந்தி.
ஏழாவது வண்டியில் ஓத்மார்.
விடிந்ததும் அக்காவுக்கு அறுவை சிகிச்சையாம்.
பின்சீட்டில், வருகைக்கென்று
எப்போதும் கட்டி வைத்திருக்கும் அந்தப் பெட்டி.
எரிபொருள் முள் சிவப்புக்கோட்டுக்கும் கீழே.

பத்துப் பெண்களின் கதை தெரியும்தானே.
விளக்கு பத்து, மிச்ச எண்ணெய் ஐந்து பேரிடம்.
கேட்டதற்கு அந்த ஐவரும் இல்லை என்றார்கள்.
சிறுவயதிலிருந்தே எனக்கு அது உறுத்தும்,
ஒரு கரண்டி கூடவா தரமுடியாது?
போதகர் விளக்குவார்:
ஒருவர் விசுவாசத்தை இன்னொருவருக்குள் ஊற்றமுடியாது.
இருக்கலாம்.
டீசலை ஊற்றலாம்.

இருக்கைக்குப் பின்னாலிருந்து கேனை எடுத்தேன்.
காற்று கால்பங்கை என் காலில் ஊற்றியது.
நாக்கு நுனியில் ஒரு சொல் வந்து நின்றது.
மூடியைத் திருகும்போது
அதையும் சேர்த்து மூடினேன்.

புறப்பட்டோம்.
கலப்பையில் கைவைத்தவன்
பின்னால் பார்க்கலாகாது என்பார்கள்.
நான் பார்க்காவிட்டால்
யாராவது ஒருவர் பள்ளத்தில் கிடப்பார்.
முன்னால் ஒரு கம்பம், அப்புறம் வெள்ளை,
அப்புறம், கடவுள் புண்ணியத்தில், இன்னொரு கம்பம்.
ஒன்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம்.
ஜெபித்தேனா என்று ஞாபகமில்லை.
கியர் மாற்றினேன்.
கண்ணாடியில் வெளிச்சங்களை எண்ணினேன்.
பத்து வந்தபோது நின்றேன்.
பதினொன்று வரும்வரை நின்றேன்.

மறுபக்கம் இறங்கியதும்
எல்லோரும் ஹாரன் அடித்துப் போனார்கள்.
ஓத்மார் மட்டும் வண்டியை நிறுத்தி இறங்கினான்.
ஒன்றும் பேசவில்லை.
என் பின்விளக்கில் அப்பியிருந்த பனியைத்
தன் கோட்டுக்கையால் துடைத்தான்,
இடப்பக்கம், பிறகு வலப்பக்கம்.
அக்காவிடம் போனான்.

இந்தப் பக்கம் ஒன்பது வண்டி காத்திருக்கிறது.

ஆண்டவரே, நீர் இன்றிரவு வருவதானால்
வானத்தைக் கிழித்துத்தான் வரவேண்டுமென்றில்லை.
வரிசையில் நில்லும்.
டீசல் நாறும் கையுறையோடு
உம்முடைய ஜன்னலையும் தட்டுவேன்.
கண்ணாடியை இறக்கும்.
கம்பளி இருக்கிறதா என்று கேட்பேன்.