உடன் ஓடும் சொல்

ஹாலிஃபாக்ஸ் மேல்முறையீட்டு மன்றத்தில்
தீர்ப்புகளுக்குப் பிழை பார்ப்பவள் ஓடெல் கோமோ.
நாற்பத்தொரு பக்கம், நீதிபதி ட்ரஸ்காட் எழுதியது.
அதன் கீழே நாலு விரல் வெள்ளைத்தாள் விட்டு
நீதிபதி ஹெனிகர்:
'ஐ கன்கர்.'
அவ்வளவுதான்.
முற்றுப்புள்ளியையும் சேர்த்துச் சரிபார்க்க
மூன்று நொடி.

'அக்ரீ' யார் வேண்டுமானாலும் சொல்லலாம்,
மழை வரும் போலிருக்கிறது என்பவரிடம்கூட.
கன்கருக்கு, முன்னால் ஒருவர்
எழுதிக் களைத்திருக்க வேண்டும்.
ஆளோடு என்றால் ஓர் உருபு,
தீர்ப்பில் என்றால் வேறு.
மாற்றிப் போடும் பெரியவர்களை
இருபது வருடமாகத் திருத்துகிறாள்
பென்சிலால், மரியாதையாக.

மூன்றாமவர் மெக்கின்டி
முடிவுக்கு மட்டும் கன்கர்.
அதாவது, வந்து சேர்ந்த இடம் சரி,
உங்கள் வழியில் நான் வரவில்லை,
என் பூட்ஸில் உங்கள் சேறு கிடையாது.

வேர் லத்தீன் என்கிறது அகராதி: சேர்ந்து ஓடுவது.
தமிழில் நாம் ஓடுவதில்லை,
உடன் படுகிறோம்.
படுவது என்றால் விழுவதும்தான்.
பட்டுத் தெரிவதும்தான்.

வழக்கு பெரிதல்ல.
வேட் கூம்ஸ், டிக்பி பக்கம், வயது இருபத்தாறு.
படகுக் கொட்டகையை உடைத்து
எஞ்சின் எடுத்ததற்கு நாலு வருடம்,
தடுத்த காவலாளியின் தாடைக்கு மூன்று.
ஒன்றன்பின் ஒன்று என்றால் ஏழு.
சேர்ந்து ஓடினால் நாலு.
அதற்கும் இதே வேர்தான், 'கன்கரன்ட்':
இரண்டு தண்டனை,
ஓட ஒரே ஜோடிக் கால்.

சேர்ந்தே ஓடட்டும் என்றார்கள் மூவரும்.

வேட்டின் அக்கா கவுன்டருக்கு வந்தாள்.
சட்டம் விளக்க ஓடெலுக்கு அனுமதியில்லை.
இரண்டு பென்சில்களை எடுத்து
அடிமுனை பொருத்தி
ஒட்டி வைத்தாள்.
அக்கா நீளமானதை மட்டும் பார்த்தாள்,
நாலு, என்றாள், அழுதாள்,
கையுறையை மறந்துவிட்டுப் போனாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்
எல்மர் தெரியோ. காவலாளி.
வலப்பக்கம் இன்னும் சரியாகத் திறக்காத வாயால்
மெதுவாகக் கேட்டார்:
'இதில் என் தாடை எது?'

குட்டையானது.

அதைத் தனியே எடுத்தார்.
சீவிய முனையைக் கட்டைவிரலில் அழுத்திப் பார்த்தார்.
பிறகு மறுபடி
நீளமானதன் பக்கத்திலேயே,
அடிமுனை பிசகாமல்.

ஓடெல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு
பேருந்து எத்தனை மணிக்கு என்று
வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.