வியாழன் வரைக்கும் கோட்டை

காந்தி ரோடு லாட்ஜ் வாசலில் ஏறினார்.
ரிப்போர்ட் வியாழக்கிழமைதான். இன்று செவ்வாய்.
மகள் வார்டில் தூங்குகிறாள், அவள் அம்மா பக்கத்தில்.
ஏதாவது காட்டு பாய் என்றார்.
என் பெயர் ஏகாம்பரம்.
அவர் ஊரில் அண்ணன் தம்பி எல்லாருமே பாய்தானாம்.

எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி இந்தி:
பிளட், ஸ்கேன், பில், இடது, வலது, கவலைப்படாதீங்க.
அவருடையது டி.வி. பார்த்து வந்த இந்தி.
இரண்டையும் சேர்த்தால்
ஒரு ஆள் பேசும் அளவுக்குத் தேறியது.

வழக்கமான பல்லவியை எடுத்தேன்.
ராஜா இல்லாத கோட்டை
சாமி இல்லாத கோயில்
தண்ணி இல்லாத ஆறு
மரம் இல்லாத மலை
இதுதான் சார் வேலூர்.
எந்தச் சவாரியும் இந்த இடத்தில் சிரிக்கும்.
மொபஸ்ஸல் ஹுசைன் விரல் விட்டு எண்ணினார்.
ஊரே வைத்தியத்துக்கு வந்த மாதிரி இருக்கே என்றார்.

அகழியைப் பார்த்து ஜொல் என்றார்.
ஜலம் என்று எனக்கும் விளங்கியது.
முதலை விட்டிருந்தாங்களாம் என்றேன்.
இப்போது எங்கே என்று கேட்டார், நிஜமாகவே தேடினார்.

மசூதியில் பூட்டு. தொல்லியல் துறைப் பலகை.
செருப்பைக் கழற்றிவிட்டு
வேப்பமரத்தடிப் புல்லில் நின்று தொழுதார்.
செருப்புக்கு நான் காவல்.
அந்த நேரத்தில் எனக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது.

கோயிலைச் சொன்னேன்:
தலைமுறை தலைமுறையாகக் கருவறை காலி,
எண்பத்தொன்றில்தான் சாமி வந்தார்.
அப்படியென்றால் உன் பாட்டு பொய்தானே?
ஆமாம் சார், மாற்றத்தான் யாருக்கும் மனசு வரலை.
கொஞ்ச தூரம் நடந்தபின் கேட்டார்,
காலியாக இருந்தபோதும்
யாராவது வந்து வேண்டிக்கொண்டார்களா?

கண்டி ராஜாவை அடைத்து வைத்த கதைக்கு
அவர் காது கொடுக்கவில்லை.
மதில்மேல் உட்கார்ந்து தன் தலைநகரைக் காட்டத் தொடங்கினார்.
டாக்காவில் லால்பாக் என்று ஒரு கோட்டை.
வெள்ளிக்கிழமை சாயங்காலம்
நவ்ரினைத் தோளில் ஏற்றிக்கொண்டு டிக்கெட் வரிசை,
ரோஜாப் பாத்தி, வற்றிய குளம், வேர்க்கடலை,
எங்கே பார்த்தாலும் ஜோடி ஜோடியாகக் காதலர்கள்.
ஆனால் கோட்டை பாதிதான் இருக்கும்.
ஏன் பாதி?
சுபேதார் கட்டிக்கொண்டிருந்தான் பாய்,
கட்டிக்கொண்டிருக்கும்போதே அவன் மகளுக்கு

கீழே பச்சைத் தண்ணீரில்
ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நின்ற இடத்திலேயே நின்றது.
மகளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை.
சுவர்க்கல்லை நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு உதிர்ந்தது.

கட்டி முடித்த எதையாவது காட்டு என்றார்.

யோசித்தேன்.
என் வீட்டு மொட்டை மாடியில்கூட
கம்பிகள் ஆறு வருஷமாக வானத்தைப் பார்த்து நிற்கின்றன.
ரோடு விட்டவரைக்கும் அகழியைச் சுற்றினேன்.
ஒருமுறை. இன்னொருமுறை.
முட்டுச்சந்தில் திருப்பி, வந்த வழியே மறுபடியும்.
காசைப் பற்றி அவரும் பேசவில்லை.

இறங்கும்போது கால் என்றார்.
காலைப் பார்த்தேன். இல்லை இல்லை, நாளைக்கு.
நேற்றும் கால்தானாம்.
ஒரே சொல் என்றால்
எந்தக் கால் என்று எப்படித் தெரியும் பாய்?
வாக்கியம் முடிந்தால் தெரியும் என்றார்.

புதன்கிழமை நான் காட்பாடிப் பக்கம் ஓட்டினேன்.

வியாழன் காலை
இரண்டு சவாரியை விட்டுவிட்டு லாட்ஜ் வாசலில் நின்றேன்.
எதிர்க்கடையில் மீன்சோற்றுப் பலகையை
வங்காளத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில்
சின்னதாக ஒரு மஞ்சள் ஃபிராக்,
இப்போதுதான் துவைத்தது,
சொட்டிக்கொண்டிருந்தது.