இரண்டு மதிப்பெண்

மூக்கையூரில் ஏலம் முடிய மணி ஆறே முக்கால்.
லோடு ஆட்டோவில் ஏழு பெட்டி சூடை,
பாதியாய் அறுத்த நீலப் பீப்பாயில் ஐஸ் கரைந்த தண்ணீர்,
அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு ரெஜினாள்.

கிளம்பும்போது தண்ணீர் பின்பக்கம் ஏறுகிறது.
அவள் மடியில் கொஞ்சம்.
“மெதுவாத்தான் எடேன்டா.”
மெதுவாக எடுத்தால் கொஞ்சமாய்ச் சாய்கிறது,
வெடுக்கென்று எடுத்தால் நிறைய.
அவ்வளவுதான் கணக்கு.

நாற்பது வந்ததும் தண்ணீர் படுத்துவிடுகிறது.
உடைமரங்கள் பின்னால் ஓடுகின்றன,
கச்சான் காற்றில் மணல் தார்ச்சாலையைக் கடக்கிறது,
தண்ணீருக்கு எதுவும் தெரியாது.
நிற்கிற வண்டிக்கும் நாற்பதில் போகிற வண்டிக்கும்
அதனிடம் ஒரே முகம்.

உப்பளத்து வளைவில்தான் எனக்குப் பழைய கோபம்.
பிளஸ் ஒன் இயற்பியல், கேள்வி பதினேழு:
சீரான வேகத்தில் வட்டமாகச் சுற்றும் துகளுக்கு
முடுக்கம் உண்டா?
இல்லை என்று எழுதினேன்.
வேகம் கூடவில்லை, குறையவில்லை, பிறகென்ன முடுக்கம்?
ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன்.
இரண்டு மதிப்பெண்ணில் தோற்றேன்.

இப்போது முள் நாற்பதை விட்டு அசையவில்லை.
ஆக்ஸிலேட்டரைத் திருகவில்லை, பிரேக்கைத் தொடவில்லை.
ஹேண்டில் மட்டும் இடப்பக்கம் ஒடிகிறது.
தண்ணீர் வலப்பக்க விளிம்பில் ஏறி
வெளியே எட்டிப் பார்க்கிறது.
ரெஜினாள் கம்பியைப் பிடிக்கிறாள்.

ஆக, இழுப்பு இருக்கிறது,
இடப்பக்கமாக, வளைவின் நடுவே
வெள்ளையாய்க் குவித்த உப்பை நோக்கி.
போகிற திசையில் அதில் ஒரு நூல்கூட இல்லை,
அதனால் வேகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை;
கிழக்கே போன வண்டி
வடக்கே பார்த்துவிட்டது.

“என்னடா முனகுற?”
“ஒண்ணுமில்ல. ரெண்டு மார்க்.”
“அதுக்கு ஏன் என் சேலைய நனைக்கிற?”

சாயல்குடிச் சந்தையில் பெட்டி இறக்கும்வரை
சாவியை மேலே எறிந்து எறிந்து பிடிக்கிறேன்.
உச்சியில் ஒரு கணம் நிற்கிறது.
வேகம் செத்த அந்த இடத்திலும்
பூமி கையை எடுக்கவில்லை.
ஏறும்போது எவ்வளவோ, இறங்கும்போதும் அவ்வளவே,
நிற்கிறபோதும் அவ்வளவே.
விட்டிருந்தால் சாவி அங்கேயே தொங்கும்,
கரண்டுக் கம்பியில் காக்கைகளுக்குப் பக்கத்தில்.

ரெஜினாள் முந்தானையைப் பிழிகிறாள்.
“நாளைக்குப் பீப்பாயில பாதி வையி.”
பாதி வைத்தாலும்
சாய்வு அதே சாய்வுதான்.

சொல்லவில்லை.