கோட்டம் எடுத்தல்

கொக்குவிலில், முன்பு சுருட்டுச் சுற்றிய நீள மண்டபத்தில்
நாற்பத்திரண்டு சைக்கிள்கள் தலைகீழாய் நிற்கின்றன,
சீற்றை நிலத்தில் ஊன்றி
சில்லுகளைக் கூரைக்குக் காட்டியபடி.

பங்காளிகள் ஏழு பேர். முதலாளி இல்லை.
நான் கொப்பி எழுதுகிறவள்.
வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்,
தந்தவர் பெயர், என்ன பழுது, ஏன் வேண்டாம்.

கடைசிக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது.
மகன் கனடா.
லீசிங்கில் ஸ்கூட்டி எடுத்தாச்சு.
முழங்கால்.
இடத்தை அடைக்குது.
ஒரு மனிசி "அவற்றை" என்று மட்டும் சொன்னாள்.
நான் மேலே கேட்கவில்லை.
கட்டம் சின்னது.

எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது.
இதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை.

துஷ்யந்தி சில்லைக் கவையில் மாட்டிச் சுழற்றுவாள்.
பின்சில்லுக்கு நாற்பது கம்பி.
ஒன்றை இறுக்கினால் எதிரில் இருப்பது முறைப்படும்.
அதைச் சமாதானம் செய்தால் பக்கத்தில் இருப்பது.
கண்ணை மூடி, கம்பிகளை ஒரு விரலால் தட்டிக் கேட்பாள்.
"இதுக்கு இன்னும் கோபம்" என்பாள்,
கால் திருகு திருப்புவாள்.

திருந்தாததை றமீஸ் கழற்றுவான்.
குண்டுகள் மண்ணெண்ணெயில், நட்டுகள் மா ரின்னில்,
மிச்சம் கிலோக் கணக்கில் இரும்புக் கடைக்கு.
ஒட்டுக்கு மேல் ஒட்டு விழுந்த ரியூப்பை
நாடா நாடாய் வெட்டி வைப்போம்.
இணுவில் தோட்டக்காரர் வாங்கிப் போய்
புடலங்காய் நுனியில் கல்லுக் கட்டுவார்கள்.
அதுவும் கோட்டம் எடுப்புத்தான்.

பெற்றோல் இல்லாமல் போன ஆனியில்
படலை திறக்க முன்னம் சனம்.
கொண்டு வந்து தந்த அதே சனம்.
"என்ரை சைக்கிளைத் தாங்கோ."
"நீங்கள்தானே இடத்தை அடைக்குது எண்டனீங்கள்?"
என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.
கொப்பி கேட்டுக்கொண்டு மேசையில் கிடந்தது.

அன்று இரவு கூட்டம், மெழுகுதிரியில்.
தந்தவருக்கே முதலிடம் என்றான் றமீஸ்.
ஒன்றுமே இல்லாதவரின் பட்டியல் முதலில் என்றாள் துஷ்யந்தி.
பத்து மணி மட்டும் கத்தினோம்.
நாலுக்கு மூன்று.
நாலாவது கை என்னுடையது,
ஓடத் தெரியாதவளின் கை.

வங்கி மனேஜர் செந்தூரன்
அயன் செய்த சேட்டோடு, வியர்த்து, நடந்து வந்தார்.
நம்பர் நூற்றுப் பதினேழு அவருடையது.
விற்றாச்சு என்றேன்.
இரண்டு மடங்கு தருவேன் என்றார்.
அந்த நேரம் பார்த்து நாவாந்துறை ஜெனிற்றா
மூன்றாம் தவணைக் காசோடு வந்து இறங்கினாள்,
கரியரில் மீன் பெட்டி.
அவர் கிட்டப் போய் பெல்லை ஒருக்கால் அடித்தார்.
அதே பெல்.
"கையை எடுங்கோ ஐயா, மீன் மணக்கும்."

அவர் விறைத்து நின்றார்.
பிறகு பேனை கேட்டார்.
பட்டியலில் அறுபத்துநாலாவதாய்ப் பெயரை எழுதினார்,
வங்கியில் போடுகிற அதே நீளக் கையெழுத்தோடு.
பதினொரு கிழமை நடந்தார்.
நூற்றெழுபத்தொன்று கிடைத்தது. சீற் கிழிந்தது.

மாரியோடு பெற்றோல் வந்தது.
சைக்கிள்களும் திரும்பி வந்தன.
ஏன் வேண்டாம்: பெற்றோல் வந்திட்டுது.
நாலு தரம் எழுதினேன்,
பிறகு முப்பது வரிக்கு
மேலே உள்ளபடி என்று இரட்டைக் குறி.
நூற்றெழுபத்தொன்று இன்னும் வரவில்லை.
ஒவ்வொரு வெள்ளியும் பார்க்கிறேன்.

இன்று காலை நூற்றுப் பதினேழு வந்தது.
பழுது: உப்பு. அச்சு தின்னப்பட்டு
முன்சில்லு குடிகாரன் மாதிரி.
துஷ்யந்தி கவையில் மாட்டி, கண்ணை மூடினாள்.
நான் கொப்பியைத் திறந்து
ஏன் வேண்டாம் என்ற கட்டத்துக்கு வந்து
பேனையோடு நின்றேன்.
வாசலில் ஜெனிற்றா
ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்தபடி,
"பிள்ளை, எழுதினது காணும்,
ஐஸ் உருகுது."